சுத்தமான தொட்டியில் ஏன் மீன் சாகிறது?

"சுத்தமாத்தாண்ணே வெச்சிருந்தோம். வாரா வாரம் கழுவிடுவோம்." கொளத்தூரோ மதுரையோ, கலர் மீன் கடையில் அரை மணி நேரம் நின்றால் இந்த வசனம் எப்படியும் காதில் விழும். சொல்பவரின் போனில் ஒரு படம் இருக்கும். பளிச்சென்ற கண்ணாடி, வெள்ளை வெளேரென்ற கல், மேலே மல்லாந்து கிடக்கும் இரண்டு கோல்டு ஃபிஷ். கடைக்காரர் படத்தைப் பாதிதான் பார்ப்பார். "தண்ணி செட் ஆகலை சார், இதை அஞ்சு சொட்டு விடுங்க" என்று நீல மருந்து ஒன்றை எடுத்து வைப்பார். கூடவே புதிதாக நான்கு மீன் பைக்குள் போகும்.

வேடிக்கை என்னவென்றால், கடைக்காரர் சொன்னது சரி. தண்ணீர் செட் ஆகவில்லைதான். செட் ஆவது என்றால் என்ன, யார் செட் ஆக்குகிறார்கள் என்று வாங்குபவர் கேட்பதில்லை, விற்பவர் சொல்வதும் இல்லை. அந்த ஒரு வார்த்தையின் அர்த்தம் புரிந்தால் நீல மருந்துக்கு அநேகமாக வேலையே இருக்காது. எந்த மீனோடு எந்த மீனை விடலாம் என்ற கேள்விக்கும் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கழுவலைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். மீன்களை வலையில் பிடித்து பக்கெட்டில் விடுவார்கள். தொட்டித் தண்ணீர் முழுக்க வெளியே. கல்லை வாளியில் கொட்டி, அரிசி களைவதுபோல் ஏழெட்டுத் தண்ணீரில் அலசுவார்கள். சிலர் துணி சோப்பும் போடுவார்கள். ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து, பழுப்பு நிறம் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிவார்கள். குழாய்த் தண்ணீரை நிரப்பி மீனை விட்டால் தொட்டி கண்ணாடிக் கடைபோல ஜொலிக்கும். திங்கள் நன்றாகவே போகும். செவ்வாய் மாலை மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடும். வியாழன் ஒன்று போய்விடும். "ராசியில்லை" என்று அம்மா சொல்வார்.

ஸ்பாஞ்சில் இருந்து பிழிந்து ஊற்றிய அந்தப் பழுப்பில்தான் தொட்டியின் உயிர் இருந்தது. மீன் தன் கழிவில் பெரும்பங்கைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம். மூன்றாவது, ஓரளவு சேரும்வரை மீன் தாங்கிக்கொள்ளும் சரக்கு. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஸ்பாஞ்சு, செராமிக் ரிங், கல், கண்ணாடி என்று எங்காவது ஒட்டிக்கொண்டுதான் வாழும். வளர்ச்சியும் ரொம்ப மெதுவு. பால் தயிராக ஒரு ராத்திரி போதும், இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கழுவல் அந்த ஆறு வார உறையைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, திங்கட்கிழமை தயிர் எங்கே என்று கேட்கிறது.

செவ்வாய்க்கிழமைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வீடுகளில் சாதாரணமாக இருப்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. வெளியளவில் 56 லிட்டர் வரும். கல்லும் மேல் இடைவெளியும் போக நிற்பது சுமார் 45 லிட்டர். 40 சதவீதம் புரதம் உள்ள தீனி ஒரு கிராம் போட்டால் (அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு), அதிலிருந்து 30 முதல் 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் தண்ணீருக்கு வரும். தின்ன பாக்டீரியா இல்லாவிட்டால் ஒரே நாளில் லிட்டருக்கு 0.7 மி.கி.க்கு மேல், மூன்று நாளில் 2 மி.கி.க்கு மேல். இதில் எல்லாமே கொல்லாது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம், பெரிய தொந்தரவு கிடையாது. மற்றது செவுளைப் பொசுக்கும் தனி அம்மோனியா. எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பிஹெச்சும் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) வெப்பமும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரியில், பிஹெச் 7 என்றால் விஷ வடிவம் 1 சதவீதத்துக்கும் குறைவு. பிஹெச் 8 என்றால் 7 சதவீதத்துக்கு மேல். போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐ ஒட்டித்தான் வருகிறது. விஷ வடிவம் லிட்டருக்கு 0.05 மி.கி. தொட்டாலே செவுள் பாதிக்கத் தொடங்கும் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பார்த்தால், திங்கள் இரவே அந்தக் கோட்டைத் தொட்டாகிவிட்டது. செவ்வாய் மாலை வாய் பிளப்பதில் ஆச்சரியம் இல்லை. ராசிக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை.

நைட்ரைட் இன்னும் தந்திரமானது. அது ரத்தத்துக்குள் போய் ஆக்சிஜன் சுமக்கும் ஹீமோகுளோபினை முடக்கிவிடும். தண்ணீரில் காற்று இருக்கும், மீனுக்கு மூச்சு முட்டும். செவுள் சிவப்பு போய்ப் பழுப்படிக்கும். இங்கே சமையலறை உப்பு நிஜமாகவே மருந்து. உப்பில் உள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வாசலை அடைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 1 கிராம், அதாவது நம் இரண்டடித் தொட்டிக்கு 45 கிராம் கல் உப்பு. தனியாகக் கரைத்து, ஒரு மணி நேரத்தில் மூன்று தவணையாக ஊற்றினால் போதும். நீல மருந்து இந்த வேலையைச் செய்யாது.

கழுவாதவர் வீட்டில் நடப்பது

இதுவரை சொன்னது கழுவிக் கழுவிக் கொல்பவர்கள் கதை. இதற்கு நேரெதிர் வகை ஒன்று உண்டு, அதுதான் எல்லாரையும் குழப்புகிறது. ஆறு மாதமாகத் தொட்டியைத் தொடவே இல்லை. ஆவியாகிக் குறைந்தால் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ ஊற்றி மட்டம் பார்த்துக்கொண்டார்கள். மீன்கள் நன்றாகவே இருந்தன. விருந்தாளி வருகிறார் என்று ஒரு நாள் பாதித் தண்ணீரை மாற்றினார்கள். மறுநாள் காலை எல்லாம் காலி. "மாத்தாம இருந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு, மாத்தினதும் செத்துடுச்சு" என்கிறார்கள். கேட்பவருக்கும் அப்படியே தோன்றும். பழைய தண்ணீர்தான் மீனுக்கு நல்லது என்ற நம்பிக்கை இங்கே பிறக்கிறது.

நடந்தது வேறு. அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா, வேலை செய்யும்போதே தண்ணீரில் உள்ள கார்பனேட் சத்தைக் கரைக்கிறது. அந்தச் சத்துதான் பிஹெச்சைத் தாங்கிப் பிடிக்கும் தூண். கார்பனேட் குறைவான தண்ணீரில் தொடங்கி, ஆர்.ஓ. ஊற்றியே ஓட்டினால் தூண் தேய்ந்து, பிஹெச் 7, 6.5, 6 என்று சத்தமில்லாமல் இறங்கும். 6.5-க்குக் கீழே பாக்டீரியாவின் வேகமும் படுத்துவிடும். அம்மோனியா சேர ஆரம்பிக்கும், ஆனால் அந்தப் பிஹெச்சில் ஏறக்குறைய மொத்தமும் சாதுவான அம்மோனியமாகவே இருப்பதால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. 28 டிகிரியில் பிஹெச் 6 என்றால் விஷ வடிவம் 0.07 சதவீதம்தான். இப்போது பிஹெச் 8 உள்ள போர் தண்ணீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றுகிறீர்கள். ஒரே மணி நேரத்தில் தொட்டியின் பிஹெச் 7.5-ஐத் தாண்டும், அதே அம்மோனியம் விஷமாக உருமாறும். 8 வரை ஏறிவிட்டால் அந்தச் சதவீதம் ஏறக்குறைய 90 மடங்கு. தண்ணீரை மாற்றாத ஆறு மாதத்தில் சேர்த்த கடனை, மாற்றிய அந்த ஒரு மணி நேரம் வட்டியோடு வசூலித்தது. பழியோ புதுத் தண்ணீர்மேல்.

அப்படிப்பட்ட தொட்டி கையில் இருந்தால் ஒரேயடியாக மாற்றக் கூடாது. தினமும் 10 சதவீதம், நம் கணக்கில் 4 முதல் 5 லிட்டர், பத்துப் பன்னிரண்டு நாள் மாற்றிக் கொண்டுவர வேண்டும். அந்த நாட்களில் தீனி பாதி. சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று கையில் இருப்பது அவசியம். பட்டைக் காகிதக் கிட் மலிவு, ஆனால் நம் ஊர் ஈரக் காற்றில் சீக்கிரம் பொய் சொல்லும். சொட்டுக் கிட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு: நைட்ரேட்டுக்கான இரண்டாவது பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்காவிட்டால் அடியில் படிந்த மருந்து வராது, நைட்ரேட் இல்லை என்று காட்டும்.

சரியான கழுவல் சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. வாரம் ஒரு முறை 10 லிட்டர். சைஃபன் குழாயைக் கல்லுக்குள் செருகி, ஒரு வாரம் இடப் பாதி, மறு வாரம் வலப் பாதி என்று அழுக்கை உறிஞ்சி எடுத்தால் அந்த 10 லிட்டர் தானாக வெளியேறியிருக்கும். ஸ்பாஞ்சைத் தொடுவது மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, நீர் வேகம் குறையும்போது மட்டும். எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டு, பழுப்பாக இருக்கும்போதே திரும்ப மாட்ட வேண்டும். வெள்ளையாகும்வரை பிழிய ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். கல்லும் ஸ்பாஞ்சும் ஒரே நாளில் வேண்டாம். கண்ணாடிப் பாசிக்குப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும்.

மாற்றும் தண்ணீர் குழாய் நீராக இருந்தால் குளோரினைக் கணக்கில் கொள்ள வேண்டும். குளோரின் மீனின் செவுளையும் நம் பாக்டீரியாவையும் சேர்த்துத்தான் கொல்லும். பக்கெட்டில் பிடித்து ஏர் மோட்டார் போட்டு ஒரு நாள் வைத்தால் போய்விடும். அவசரம் என்றால் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம். 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டால், 20 லிட்டர் பக்கெட்டுக்கு 3 மில்லி போதும். லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் இருந்தாலும் சமாளிக்கும்.

முதலில் பக்கெட், பிறகு மீன்

துணை மீன் தேர்வில் எல்லாரும் கேட்பது "இது அதைக் கடிக்குமா?" என்றுதான். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த இரண்டும் என் வீட்டுத் தண்ணீரில் வாழுமா? ஆர்.ஓ. மெக்கானிக்கிடம் இருக்கும் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுவது) வாங்கிப் பக்கெட்டில் நனைத்துப் பாருங்கள். 800, 1000 என்று காட்டி, பிஹெச் 8 பக்கம் இருந்தால், உங்கள் தண்ணீர் கப்பி, பிளாட்டி, மோலி, ஸ்வார்ட்டெயில் ஆகியவற்றுக்காகவே இறங்கியது. இவை மத்திய அமெரிக்காவையும் தென் அமெரிக்காவின் வட பகுதியையும் சேர்ந்த, கடினநீர் தாங்கும் மீன்கள். இந்தோனேசிய பப்புவாவின் ஏரிகளைச் சேர்ந்த போசிமானி ரெயின்போவும் அப்படியே. அதே பக்கெட்டில் நியான் டெட்ராவை விடுவது, ஊட்டியில் வளர்ந்தவரைக் கத்திரி வெயிலில் மாடி அறையில் குடிவைப்பது மாதிரி. அமேசான் படுகையின் மென்மையான, அமிலத் தண்ணீர் மீன் அது. ஒரே நாளில் சாகாது. இரண்டு மூன்று மாதத்தில் ஒவ்வொன்றாகக் குறையும், காரணம் தெரியாது. நியான்தான் வேண்டும் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைப் போர் தண்ணீரோடு கலந்து டிடிஎஸ்ஸை 150 முதல் 200-க்குக் கொண்டுவந்து, வாராவாரம் அதே கலவையைப் பிசகாமல் செய்ய வேண்டும். முடியும்தான். ஆனால் பத்து நியானுக்காக வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் கலக்குவதைவிட எட்டுப் பிளாட்டி வாங்குவது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. மறுபக்கம், வெறும் ஆர்.ஓ.வில் கப்பி, மோலி விடுவதும் தவறு. கால்சியம் இல்லாமல் மோலி உடம்பை ஆட்டி ஆட்டி ஒரே இடத்தில் நெளிய ஆரம்பிக்கும்.

அதற்குப் பிறகுதான் சண்டை சச்சரவு. கடையில் ஏஞ்சலும் நியானும் ஒரே தொட்டியில் சாதுவாக நீந்தும். அங்கே ஏஞ்சல் ஐந்து ரூபாய் நாணயம் அளவு. ஆறேழு மாதத்தில் அது உள்ளங்கை அகலம் ஆகும். அப்புறம் நியான் அதற்கு அளவான தீனி. வாய்க்குள் நுழைவது எதுவும் துணை மீன் இல்லை, இந்த விதிக்கு விலக்கு கிடையாது. டைகர் பார்ப்புக்கு வேறு வியாதி. அதற்கு நீளமாகத் தொங்கும் எதையும் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஏஞ்சலின் அடித் துடுப்பு, கோராமியின் மீசை, ஃபைட்டரின் பாவாடை எல்லாமே இலக்கு. மூன்று நான்காக வாங்கினால் இது இன்னும் மோசம். எட்டுப் பத்தாக விட்டால் தங்களுக்குள் துரத்திக்கொள்ளும், மற்றவை பிழைக்கும். அப்போதும் நீள வால் எதுவும் கூட வேண்டாம். ஃபைட்டர் ஆண் தனி ஆள். கடையில் பிளாஸ்டிக் டம்ளரில் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதற்கு மேலிருந்து காற்றை நேரடியாக மூச்சிழுக்கும் உறுப்பு உண்டு, அதனால் அங்கே சாகாமல் இருக்கிறது, அவ்வளவே. 15, 20 லிட்டர் கொடுத்தால் நிறமே வேறு.

சக்கர் மீனைப் பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. டேங்க் கிளீனர் என்று விரல் நீளத்தில் விற்கிறார்கள். குட்டியில் பாசி தின்னும், உண்மை. வளர வளரச் சோம்பல் வந்து, பாசியை விட்டுவிட்டுக் கீழே விழும் தீனிக்குக் காத்திருக்கும். 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும் மீன், அது போடும் கழிவும் ஏராளம். அதை கோல்டு ஃபிஷ்ஷோடு விடுவதுதான் நம் ஊரின் மிகப் பொதுவான ஜோடி, மிக மோசமான ஜோடியும் அதுவே. இரவு விளக்கணைந்ததும் கோல்டு ஃபிஷ் அடிப்பக்கம் அசையாமல் நிற்கும். சக்கர் போய் அதன் விலாவில் ஒட்டிக்கொண்டு மேல்தோல் வழவழப்பை உறிஞ்சும். காலையில் விலாவில் வட்டமாகச் செதில் உதிர்ந்து, சிவந்து போயிருக்கும். வீட்டில் எல்லாரும் நோய் என்று நினைத்து மருந்து விடுவார்கள். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் விரும்பும் மீன், சக்கரும் மற்ற வெப்பநாட்டு மீன்களும் அப்படியில்லை என்ற பொருத்தமின்மை வேறு. கோல்டு ஃபிஷ்ஷுக்குத் துணை இன்னொரு கோல்டு ஃபிஷ், அதுவும் நான்கடித் தொட்டியில். வளர்ந்துவிட்ட சக்கரை "பாவம்" என்று ஏரியில் விட்டுவிடாதீர்கள். அப்படி விட்டவை இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகி மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன.

நம் இரண்டடித் தொட்டிக்கும் போர் தண்ணீருக்கும் ஒரு கூட்டணி சொல்வதென்றால்: ஐந்து பிளாட்டி, ஆறு ஜீப்ரா டேனியோ. பிளாட்டி நடுவில், டேனியோ மேலே. பிளாட்டியில் ஒரு ஆணுக்கு இரண்டு பெண்ணுக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஆண் துரத்தியே பெண்ணை ஓய்த்துவிடும். குட்டி வேண்டாம் என்றால் ஐந்தும் ஆணாகவே வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடக் கூடாது. முதலில் பிளாட்டி மட்டும், இரண்டு வாரம் கழித்து டேனியோ. பாக்டீரியாவும் வரும் வாய்க்குத் தகுந்த மாதிரிதான் பெருகும். பாசிக்கு இரண்டு நத்தை போதும்.

பை, மழை, வெயில்

கடைப் பையை மூடியபடியே பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டு, வெட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீர் சேர்த்து, இருபது நிமிடத்தில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. கூரியரில் ஒரு நாள் பயணம் செய்து வந்த பை என்றால் இந்த இருபது நிமிடமும் கூடாது. மூடிய பையில் மீன் விட்ட மூச்சுக் காற்று பிஹெச்சைக் கீழே இறக்கி, சேர்ந்த அம்மோனியாவைச் சாதுவாக வைத்திருக்கும். திறந்ததும் அந்தக் காற்று பறந்து பிஹெச் ஏறும். மேலே பார்த்த அதே கதை, இப்போது ஒரு லிட்டருக்குள். வெப்பத்தைச் சமன் செய்து, வெட்டியதும் உடனே எடுத்து விடுவதே மேல். இடம் இருந்தால் 20 லிட்டர் டப்பில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு இரண்டு மூன்று வாரம் தனியே வைத்திருந்து பிறகு சேர்க்கலாம். அந்த ஸ்பாஞ்சைப் பெரிய தொட்டியிலேயே போட்டு வைத்திருந்தால் எப்போதும் செட் ஆகியே இருக்கும்.

ஐப்பசி அடைமழையில் ராத்திரித் தண்ணீர் சில்லிடும்போது வெள்ளைப் புள்ளி என்ற ஒட்டுண்ணி நோய் வரும், ரவை தூவினதுபோல. மீன்மேல் ஒட்டியிருக்கும் புள்ளியை எந்த மருந்தும் தொடாது. அது கீழே விழுந்து, பெருகி, குட்டிகளாக நீந்தும் கட்டத்தில்தான் மருந்து கொல்லும். ஆகவே புள்ளி மறைந்த அன்று மருந்தை நிறுத்துவதுதான் பெரிய தப்பு. ஹீட்டரில் 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றி, காற்றைக் கூட்டி, உப்பு லிட்டருக்கு 2 கிராம் போட்டு, புள்ளி போன பிறகும் ஒரு வாரம் அப்படியே ஓட்ட வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில் பிரச்சினை தலைகீழ். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. ஆக்சிஜன் பிடிக்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 தான் பிடிக்கும். மீனுக்கோ சூட்டில் தேவை கூடும். மூடியை எடுத்துவிட்டு ஒரு சின்ன டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் படும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவதை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாம், வாராந்திர மாற்றத்துக்கு வழக்கமாக ஊற்றும் தண்ணீரே. மூடி இல்லாதபோது டேனியோ குதிக்கும், கொசுவலை கட்டிவிடுங்கள். மின்வெட்டுக்கு பேட்டரி ஏர் மோட்டார் ஒன்று வாங்கி வைக்கலாம். அன்று தீனி கிடையாது. ஊருக்குப் போகும்போதும் அப்படியே. வளர்ந்த மீன் நான்கைந்து நாள் பட்டினி தாங்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் தீனி டப்பாவைக் கொடுத்துப் போவதுதான் ஆபத்து.

இனி போனில் படத்தோடு கடையில் நிற்பவருக்கு. எல்லா மீனும் செத்தபிறகும் தொட்டியைக் காலி செய்யாதீர்கள். செத்ததை எடுத்துவிட்டு, பாதித் தண்ணீரைக் குளோரின் போக்கி மாற்றி, ஃபில்டரை ஓடவிடுங்கள். வெள்ளைப் புள்ளியால் செத்திருந்தால் ஒரு மாதம் மீனில்லாமல் ஓடட்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு சிட்டிகை தீனி போட்டு, பாக்டீரியாவுக்குச் சாப்பாடு காட்டுங்கள். கடைக்காரரிடம் மீன் கேட்பதற்குப் பதில், நோயில்லாத தொட்டியில் ஓடும் பழைய ஸ்பாஞ்சு ஒன்றைக் கேட்டு, ஈரம் காயாமல் பையில் கொண்டுவந்து உங்கள் ஃபில்டர் பக்கத்தில் போடுங்கள். பதிலுக்குப் புது ஸ்பாஞ்சு ஒன்று வாங்கிக் கொடுத்தால் அவர் மறுக்க மாட்டார். வாரம் இரண்டு தடவை சோதித்து, தீனி போட்ட மறுநாளும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழியம் என்று காட்டினால், போய் ஐந்து பிளாட்டி வாங்குங்கள். ஐந்து மட்டும்.